ஊருக்கு வெளியே, சாலையை ஒட்டி: ரோமானியர் கல்லறைகளை ஏன் அங்கே கட்டினார்கள்?

சாலைப்புளி:

வணக்கம் நண்பர்களே. ரோம் வரலாற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பவன் நான். ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்துகிறது.

ரோமானியர்கள் செத்தவரை ஊருக்குள் புதைக்க மாட்டார்கள், எரிக்கவும் மாட்டார்கள். அதற்குச் சட்டமே இருந்தது. சரி, நமக்கும் சுடுகாடு ஊருக்கு வெளியேதான். ஆனால் நாம் ஆள் புழக்கம் இல்லாத ஆற்றங்கரையாகவோ கருவேலங்காடாகவோ பார்த்து ஒதுக்கிவிடுகிறோம். அவர்களோ நகர வாசலைத் தாண்டியதும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். வியாபாரி, படைவீரன், கழுதை வண்டி என்று ஊருக்குள் வருபவன் போகிறவன் எல்லோரும் அந்தக் கல்லறைகளுக்கு நடுவேதான் போயாக வேண்டும். தீட்டு என்றால் ஏன் அவ்வளவு கூட்டமான இடம்? தீட்டு இல்லையென்றால் ஏன் ஊருக்கு வெளியே?

இரவுப்பறவை:

சுகாதாரம்தான். பிணம் அழுகும், நோய் பரவும். வேறென்ன?

கல்வெட்டுக் கிறுக்கன்:

சுகாதாரம் என்பது நாம் இன்றைக்கு உட்கார்ந்து யோசித்துச் சொல்லும் காரணம். அவர்கள் சொன்னது வேறு.

நீங்கள் சொல்லும் சட்டம் பன்னிரண்டு பலகைகள் என்ற தொகுப்பில் வருகிறது. கி.மு. 451–450 காலம். பத்தாவது பலகை முழுக்கச் சாவுச் சடங்குதான். நகருக்குள் புதைக்காதே, எரிக்காதே என்பதோடு நிற்கவில்லை. சாவு ஊர்வலத்தில் பத்துக் குழல்காரர்களுக்கு மேல் கூடாது, பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டு அழக் கூடாது, அடுத்தவன் வீட்டிலிருந்து 60 அடிக்குள் அவன் சம்மதம் இல்லாமல் சிதை அடுக்கக் கூடாது. பிணத்தோடு தங்கம் போடக் கூடாது, ஆனால் பல்லைத் தங்கத்தால் கட்டியிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம் என்றுகூட ஒரு விதிவிலக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

நகருக்குள் எரிக்கக் கூடாது என்பதற்குத் தீ விபத்து பயம் காரணமாக இருக்கலாம் என்கிறார் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ. அவர் காலத்திலேயே அந்தச் சட்டத்துக்கு 400 வயது. அதனால் அவருடையதும் ஊகம்தான். மற்றபடி நகரத்தைச் சுற்றி ஒரு புனித எல்லை உண்டு. அதற்குள் சாவுக்கு இடமில்லை. புதிதாக ஒரு குடியேற்ற நகரம் அமைக்கும்போது ஏர் பூட்டி உழுது எல்லை கீறுவார்கள். ஸ்பெயினில் ஊர்சோ என்ற ஊருக்குச் சீசர் காலத்தில் எழுதிக்கொடுத்த சாசனம் வெண்கலத் தகட்டில் கிடைத்திருக்கிறது. அந்த உழவுக் கோட்டுக்குள் புதைத்தாலோ எரித்தாலோ 5,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டம் ‘உள்ளே கூடாது’ என்றது. ‘எவ்வளவு தூரம் தள்ளி’ என்று சொல்லவில்லை. எரிப்பதற்கான புது மேடையை ஊரிலிருந்து 500 தப்படிக்குள் அமைக்காதே என்று ஊர்சோ சாசனம் சொல்வது நிஜம்தான். அது எரிக்கும் மேடைக்கு மட்டும். கல்லறைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆக, வாசலைத் தாண்டி முதல் அடி நிலமே சட்டப்படி சரியான இடம். அதுதான் எல்லோர் கண்ணிலும் படும் இடமும்கூட. காசுள்ளவர்கள் விடுவார்களா?

மதுரைக்காரி:

கிறுக்கர் சொல்வதை, எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில் கண்ணால் பார்க்கலாம். ஹெர்குலேனியம் வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் அரைவட்டமாக ஒரு கல் பெஞ்சு. சாய்வாக உட்காரலாம், கடல் பக்கத்துக் காற்று வரும். அது மாமியா என்ற பெண் பூசாரியின் கல்லறை. முதுகு சாயும் இடத்தில் பெரிய எழுத்தில் அவள் பெயர் ஓடுகிறது. நகர சபை தீர்மானம் போட்டு இடம் கொடுத்தது என்றும் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மார்க்கஸ் போர்சியஸ் என்பவருக்கு 25 அடிக்கு 25 அடி மனை, அதுவும் தீர்மானப்படிதான்.

நடந்து களைத்தவன் உட்காருவான். உட்கார்ந்தால் பெயரைப் படிப்பான். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விளம்பரம் எனக்குத் தெரியவில்லை. வெயில் நேரத்தில் நானே உட்கார்ந்தேன், படிக்கவும் செய்தேன்.

அப்புறம் ஒன்று. அந்தக் கல்வெட்டுகள் வழிப்போக்கனைக் கூப்பிட்டுப் பேசும். “அயலானே, கொஞ்சம் நின்று படி” என்கிற தொனி திரும்பத் திரும்ப வரும். நின்று சத்தமாகப் படித்தால் செத்தவன் பெயர் ஒரு வாயில் உயிரோடு வருகிறதல்லவா. கூட்டமில்லாத இடத்தில் வைத்தால் யார் படிப்பது?

உள்ளூர் வக்கீல்:

நில விவகாரம் என்றதும் மூக்கு வேர்க்கிறது. ரோமானியச் சட்டம் எங்கள் பாடத்தில் கொஞ்சம் இருந்தது, அதை வைத்துச் சொல்கிறேன்.

உரிமை உள்ளவன் தன் நிலத்தில் ஓர் உடலையோ சாம்பலையோ அடக்கம் செய்துவிட்டால் அந்த இடம் சமய இடம் ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. சுற்றியுள்ள தோட்டத்தை விற்றாலும் கல்லறைக்குப் போய்வரும் வழி உரிமை செத்தவர் குடும்பத்துக்கு இருக்கும். அதனால்தான் கல்வெட்டிலேயே ‘சாலைப் பக்கம் இத்தனை அடி, உள்பக்கம் இத்தனை அடி’ என்று அளவை வெட்டுகிறார்கள். ஏறக்குறையப் பத்திரம் மாதிரிதான்.

இன்னொரு வாசகம் எக்கச்சக்கமான கல்லறைகளில் வரும்: ‘இந்த நினைவிடம் வாரிசுக்குப் போகாது.’ சொத்து வாரிசுக்குப் போகட்டும், கல்லறை போகக் கூடாது. ஏனென்றால் வாரிசு குடும்பத்துக்கு வெளியே இருக்கலாம். அவன் தன் ஆட்களைக் கொண்டுவந்து உள்ளே அடைத்துவிடுவான் என்று பயம். சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் வெட்டினாலே புரிந்துகொள்ளும் அளவுக்கு வழக்கமான வாசகம் அது.

சாலை ஓர நிலம் என்றால் ஆக்கிரமிப்பும் வருமே. வெஸ்பாசியன் பேரரசர் டைட்டஸ் சுவேடியஸ் கிளமென்ஸ் என்ற படை அதிகாரியைப் பொம்பெயிக்கு அனுப்பினார். தனியார் வளைத்துப்போட்ட பொது இடத்தை அளந்து மீட்டு நகரத்துக்குத் திருப்பிக் கொடுத்ததாக அவர் நட்ட கற்கள் நகர வாசல்களுக்கு வெளியே நிற்கின்றன. கல்லறைகளுக்கு நடுவே. கி.பி. 79இல் எரிமலை வெடித்தது, அதனால் மீட்ட நிலத்தை நகரம் அதிக காலம் அனுபவிக்கவில்லை.

வன்னியூரான்:

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கேயும் அதே கதைதான் கிடக்கிறது, மேலே கட்டடம் வந்ததால் தெரிவதில்லை. ரோமானிய லண்டனிலிருந்து வெளியே போன சாலைகளைப் பிடித்துக்கொண்டு போனால் புதைகுழிகள் வரும். பிஷப்ஸ்கேட் வழியாக வடக்கே போன சாலை ஓரத்தில், இப்போது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தை இருக்கும் பக்கத்தில், 1999இல் ஒரு கற்பேழையும் அதற்குள் ஈயப் பேழையும் எடுத்தார்கள். உள்ளே ஓர் இளம்பெண். பல்லை ஆராய்ந்து பார்த்ததில் அவள் வளர்ந்தது ரோம் நகரத்துப் பக்கம் என்று தெரியவந்தது. பிறந்த மண்ணை விட்டு வந்து இந்தக் குளிரில் செத்தவள் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ போல இருந்தது.

டவர் ஹில் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கல். கிளாசிசியானஸ் என்ற நிதி அதிகாரியுடையது. கி.பி. 60–61இல் பூடிக்கா என்ற அரசி கலகம் செய்து லண்டனையே எரித்த பிறகு வந்த ஆள். மனைவி ஜூலியா பக்காட்டா எழுப்பிய கல்லறை. அதன் துண்டுகளைப் பின்னாளில் யாரோ நகர மதிலின் காவல் கொத்தளத்துக்குக் கல்லாகப் போட்டுவிட்டார்கள். ஒரு துண்டு 1852இல், இன்னொன்று 1935இல் கிடைத்தது. அசல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகல் மதில் பக்கத்தில் நிற்கிறது, வேலைக்குப் போகிறவர்கள் யாரும் நின்று படிப்பதில்லை.

சாலைப்புளி:

அருமை. ஆனால் பூசாரி, நிதி அதிகாரி, சபைத் தீர்மானம் என்றே வருகிறதே. சாதாரண ஆட்களுக்கு அந்தச் சாலையில் இடம் உண்டா, இல்லை பணக்காரர் வரிசை மட்டும்தானா?

கல்வெட்டுக் கிறுக்கன்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெருங்குடி ஆட்களுக்குச் சாலை ஓரம் அவ்வளவு அவசியம் இல்லை. அவர்கள் வீட்டு முற்றத்திலேயே பதவி வகித்த முன்னோர்களின் மெழுகு முகங்கள் வரிசையாக இருக்கும். வீட்டுக்கு வருபவன் எல்லாம் பார்ப்பான். சாவு ஊர்வலத்தில் அந்த முகங்களை ஆட்கள் அணிந்துகொண்டு நடப்பார்கள். ஆனாலும் அவர்களும் சாலைக்கு வந்தார்கள். ஸ்கிப்பியோ குடும்பம் ரோமிலிருந்து தெற்கே போகும் அப்பியா சாலையை ஒட்டிப் பாறையைக் குடைந்து கல்லறை வைத்தது. அந்தச் சாலையே கி.மு. 312இல் போட்டது. கி.மு. 298இல் கான்சல் என்ற உச்சப் பதவி வகித்த ஸ்கிப்பியோ பர்பாட்டஸின் கற்பேழை அங்கேதான் கிடைத்தது. அதே சாலையில் மூன்றாவது மைல் தாண்டி செசிலியா மெட்டெல்லாவின் உருண்டைக் கட்டடம், விட்டம் கிட்டத்தட்ட 30 மீட்டர். கல்வெட்டு என்ன சொல்கிறது? இன்னாரின் மகள், இன்ன குடும்பத்து கிராசஸின் மனைவி. அவ்வளவுதான். அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவ்வளவு பெரிய கட்டடம், அதற்குள் பெண் காணோம்.

இப்போது இன்னொரு கூட்டத்தைப் பாருங்கள். விடுதலை பெற்ற அடிமைகள். சட்டப்படி அவர்களுக்குத் தகப்பன் பெயரே கிடையாது. பெயருக்கு நடுவே மற்றவன் ‘இன்னாரின் மகன்’ என்று போடும் இடத்தில் இவன் ‘இன்னாரால் விடுவிக்கப்பட்டவன்’ என்று போட வேண்டும். முன்னோர் முகம் ஏது? அதனால் தன் முகத்தையே கல்லில் வெட்டிச் சாலையைப் பார்க்க வைத்தான். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தை ஒட்டி ரோமைச் சுற்றி ஏராளமாக வந்த பலகைச் சிற்பங்கள் இவை. ஜன்னலில் நின்று தெருவைப் பார்ப்பது போலக் கணவன், மனைவி, பிள்ளை. அந்தப் பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தவன் என்றால் கழுத்தில் அதற்குரிய தாயத்தைக் கண்டிப்பாகச் செதுக்கியிருப்பார்கள். பெற்றோருக்குக் கிடைக்காதது அது. ரோமில் கிடைத்த கல்லறைக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி இந்தக் கூட்டத்தினருடையதுதான்.

உச்சம் என்றால் யூரிசாசெஸ். ரொட்டி சுடுபவர். அரசுக்கு ரொட்டி ஒப்பந்தம் எடுத்தவர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பாதி. இரண்டு சாலைகள் பிரியும் முக்கில், போகிற வருகிற எவன் கண்ணிலிருந்தும் தப்பாத இடத்தில் கட்டினார். சுவரெல்லாம் வட்ட ஓட்டைகள். மாவு பிசையும் தொட்டிகளை அடுக்கிய உருவம் அது என்பது பலர் கருத்து. மேலே ஓடும் புடைப்புச் சிற்பத்தில் தானியம் வாங்குவது, அரைப்பது, கழுதை செக்கு மாதிரி சுற்றி மாவு பிசைவது, உருட்டுவது, அடுப்பில் வைப்பது, கூடையில் எடை போடுவது என்று மொத்த வேலையும் இருக்கிறது. அவர் மனைவி அத்திஸ்தியாவின் எச்சங்கள் ‘இந்த ரொட்டிக் கூடையில்’ இருப்பதாகக் கல்வெட்டு. யூரிசாசெஸ் முன்னாள் அடிமையா என்பது கல்வெட்டில் இல்லை. இன்னாரின் மகன் என்றும் இல்லை. அதை வைத்து இன்னும் சண்டை நடக்கிறது. கை உழைப்பைக் கேவலமாகப் பார்த்த மேல்தட்டுக்காரர்கள் தினமும் அந்த முக்கைத் தாண்டித்தான் ஊருக்குள் போயிருப்பார்கள், அது போதும் எனக்கு.

இன்னும் கீழே இறங்கினால் ஈசோலா சாக்ரா. ரோமின் பழைய துறைமுகமான ஓஸ்தியாவுக்கும் புதுத் துறைமுகமான போர்த்துஸுக்கும் நடுவே போன சாலை. கி.பி. 100ஐ ஒட்டி ஆரம்பித்த கல்லறைத் தெரு, செங்கல் வீடுகள் மாதிரியே இருக்கும். வாசல் மேல் பெயர்ப் பலகை, கதவுக்கு இரு பக்கமும் விருந்துக்குச் சாய்ந்து உட்காரச் சாய்வுத் திண்ணை. ஸ்கிரிபோனியா அட்டிசே என்ற மருத்துவச்சியின் கல்லறையில் சுடுமண் பலகை ஒன்று: பிரசவ நாற்காலியில் ஒரு பெண், எதிரே அவள். இன்னொரு பலகையில் அவள் கணவன் ஒரு நோயாளியின் காலுக்கு வைத்தியம் பார்க்கிறான். இந்தக் கட்டடங்களுக்கு நடுநடுவே காலி இடத்தில் மண்ணுக்குள் புதைத்த ஜாடிகளின் கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அவை கட்டடம் கட்ட முடியாதவர்களின் குழிகள். அந்தக் கழுத்து வழியாகத்தான் திராட்சை மதுவை ஊற்றுவார்கள். பெயர் இல்லை, ஆனால் சாலை ஓரத்தில் ஓர் இடம் இருந்தது.

இரவுப்பறவை:

கிறுக்கரே, அழகாக எழுதுகிறீர்கள், ஆனால் பூ சுற்றுகிறீர்கள். ஜாடிக் கழுத்துகூட இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? ரோமின் கிழக்குப் பக்கம் எஸ்குவிலின் வாசலுக்கு வெளியே என்ன இருந்தது என்று ஏன் சொல்லவில்லை? 1870களில் லான்சியானி என்ற ஆய்வாளர் அங்கே சுமார் 75 குழிகளைப் பார்த்தார். மனித எலும்பு, மிருக எலும்பு, குப்பை எல்லாம் சேர்ந்து கிடந்தன. அவை எல்லாம் எந்தக் காலத்தவை, ஏழைகளின் வழக்கமான குழிகளா, கொள்ளைநோய்க் குழிகளா என்று ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அங்கே கிடைத்த எல்லைக் கற்கள் பொய் சொல்லாது. பிரேட்டர் என்ற நீதி அதிகாரி ஒருவரின் ஆணை: இதற்குள் பிணத்தையோ கழிவையோ கொட்டாதே. கீழே சிவப்பு மையில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்: மலத்தைத் தூரமாகக் கொண்டுபோ, இல்லாவிட்டால் உனக்குக் கெட்டது நடக்கும். பிணமும் மலமும் ஒரே வாக்கியத்தில்! பிறகு அந்த இடத்தை மண் போட்டு மூடி, அகஸ்டஸின் நண்பர் மைசீனாஸ் தோட்டம் போட்டார்.

தீட்டு இல்லை என்று நிறுவப் பார்க்கிறீர்களா? நேப்பிள்ஸ் பக்கம் புத்தியோலி ஊரில் சாவு வேலைகளைக் குத்தகை எடுத்தவருக்கான விதிகளைப் படியுங்கள். பிணம் தூக்குபவர்கள் ஊருக்கு வெளியே குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால்தான் குடியிருக்க வேண்டும். இருட்டி முதல் மணி ஆகும் முன் குளிக்கும் இடத்துக்கு வரக் கூடாது. வேலை இருந்தால் மட்டும் ஊருக்குள் வரலாம், அதுவும் அடையாளத்துக்கு நிறக் குல்லா போட்டுக்கொண்டு. இதைப் படிக்கும்போது நமக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது.

கல்வெட்டுக் கிறுக்கன்:

நீங்கள் சொன்ன புத்தியோலி விதிகள்தான் சாலைப்புளியின் முதல் கேள்விக்குச் சரியான பதில் என்று நினைக்கிறேன். தீட்டு பிணத்துக்கும் அதைத் தொடுபவனுக்கும் இருந்தது. சடங்கு முடிந்து கல் வைத்துவிட்டால் அந்தக் கல்லுக்குத் தீட்டு இல்லை. அதன் பக்கத்தில் சாப்பிடலாம், அதன் மேல் உட்காரலாம், நிழலில் கடை போடலாம். பிணத்தை எட்ட வைக்கும் சட்டமும் பெயரைக் கிட்ட வைக்கும் ஆசையும் ஒன்றோடொன்று மோதவில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் நகர வாசலுக்கு வெளியே சாலை ஓரம்.

அந்த விலையைப் பிணம் தூக்கியவன் கொடுத்தான் என்பதை மறுக்கவில்லை. அவனுக்குக் கல் கிடைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை.

மதுரைக்காரி:

குழிக்குப் போய்விடக் கூடாது என்ற பயம்தான் ஏழைகளைச் சங்கம் சேர வைத்தது. இரவுப்பறவை அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரோமுக்குத் தெற்கே லானுவியம் ஊரில் கி.பி. 136இல் வெட்டிய சங்க விதிகள் முழுசாகவே படிக்கக் கிடைக்கின்றன. டயானா தெய்வத்தின் பெயரிலும், ஹேட்ரியன் பேரரசரின் அன்புக்குரியவனாக இருந்து செத்தபின் தெய்வமாக்கப்பட்ட அந்தினோஸ் பெயரிலும் நடந்த சங்கம். சேரும்போது 100 செஸ்டர்ஸும் ஒரு ஜாடி நல்ல மதுவும். மாதம் 5 ஆஸ் சந்தா, அதாவது ஒன்றேகால் செஸ்டர்ஸ். செத்தால் இறுதிச் சடங்குக்கு 300 செஸ்டர்ஸ், அதில் 50 சிதையருகே வந்தவர்களுக்குப் பங்கு. ஊரிலிருந்து 20 மைலுக்கு மேல் தள்ளிச் செத்தால், தகவல் வந்தால், மூன்று பேர் போய் அடக்கம் செய்து கணக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்கு வழிச்செலவு தலைக்கு 20. தற்கொலைக்குப் பணம் கிடையாது.

இதில் ஒரு விதி என்னை உலுக்கியது. உறுப்பினன் அடிமை. அவன் செத்ததும் எசமான் அல்லது எசமானி வீம்புக்கு உடலைக் கொடுக்க மறுத்தால்? சங்கம் அவனுக்கு ஓர் உருவம் செய்து, அதற்கு இறுதிச் சடங்கு நடத்தும். இப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்தது என்றால் அப்படி மறுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

நடுவே வேடிக்கையும் உண்டு. சங்க விருந்தில் கலாட்டாவாக இடம் மாறி உட்கார்ந்தால் 4 செஸ்டர்ஸ் அபராதம், இன்னொருவரைத் திட்டினால் 12, தலைவரைத் திட்டினால் 20.

உள்ளூர் வக்கீல்:

12க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தில் தலைவரின் கை இருக்கிறது.

சாலைப்புளி:

அக்கா, அந்த உருவச் சடங்கு விஷயம் மனதில் தங்கிவிட்டது. இந்தக் கல்லறைகளில் எல்லாம் நல்லதாகவே எழுதியிருப்பார்களோ? அன்பான மனைவி, உத்தமமான கணவன் என்று?

மதுரைக்காரி:

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பொம்பெயியின் நொச்சேரா வாசல் பக்கம் ஒரு கல்லறை இருக்கிறது, நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வெசோனியஸ் ஃபிலெரோஸ் என்ற முன்னாள் அடிமை, உயிரோடு இருக்கும்போதே கட்டினார். மூன்று பேருக்கு: தனக்கு, தன்னை விடுவித்த எசமானி வெசோனியாவுக்கு, நண்பன் ஓர்ஃபெல்லியஸ் ஃபௌஸ்டஸுக்கு. மாடத்தில் மூன்று சிலைகளும் சாலையைப் பார்த்து நிற்கின்றன.

பிறகு என்ன நடந்ததோ, கீழே இன்னொரு பலகை பதித்திருக்கிறார். அதன் சாரம் இது: வழிப்போக்கனே, சிரமம் இல்லையென்றால் கொஞ்சம் நில், எதிலிருந்து விலக வேண்டும் என்று தெரிந்துகொள். நண்பன் என்று நம்பியவன் எனக்கு எதிராகக் குற்றம் சாட்ட ஆள் கிளப்பினான், வழக்குப் போட்டான். தெய்வங்களுக்கும் என் குற்றமின்மைக்கும் நன்றி, தப்பித்தேன். எங்கள் விவகாரத்தில் பொய் சொன்னவனை வீட்டுத் தெய்வங்களும் ஏற்காமல் போகட்டும், பாதாளத் தெய்வங்களும் ஏற்காமல் போகட்டும்.

அந்த நண்பனின் சிலை இன்னமும் பக்கத்திலேயே நிற்கிறது.

வன்னியூரான்:

ஏன் தூக்கி எறியவில்லை? நானாக இருந்தால் அன்றைக்கே உடைத்திருப்பேன்.

உள்ளூர் வக்கீல்:

சிலையை உடைத்தால் போகிறவனுக்கு யார் துரோகி என்று தெரியாது. பெயரும் முகமும் இருந்தால்தான் சாபம் போய்ச் சேரும். மனு எழுதிப் பழகியவன் கண்ணோட்டம் இது. எதிர்வாதியை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காட்ட வேண்டும்.

இரவுப்பறவை:

அல்லது இடம் கொடுத்த பிறகு பிடுங்குவது தெய்வக் குற்றம் என்று பயந்திருப்பார். இல்லாவிட்டால் சிற்பிக்குக் கொடுத்த காசு வீணாகப் போக வேண்டாம் என்று விட்டிருப்பார். மனிதர்கள் அப்படித்தான்.

கல்வெட்டுக் கிறுக்கன்:

வக்கீலுக்கே என் ஓட்டு. இதே குணம் நான் மேலே சொன்ன மருத்துவச்சியிடமும் உண்டு. அட்டிசேயின் கல்வெட்டு தனக்கு, கணவனுக்கு, தாய்க்கு, தன்னால் விடுதலை பெற்ற ஆண்கள் பெண்களுக்கு, அவர்கள் சந்ததிக்கு என்று தாராளமாகக் கதவைத் திறக்கிறது. அப்புறம் ஒரே வரியில்: ‘பனராட்டஸும் ப்ரோஸ்டோசியாவும் நீங்கலாக’. என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லை. 1,800 வருஷத்துக்கு மேலாக அந்த வாசலில் அந்த இரண்டு பெயர்கள் அப்படியே நிற்கின்றன. அவர்கள் தினமும் அந்தச் சாலையில்தானே துறைமுகத்துக்கு நடந்திருப்பார்கள்!

சாலைக்கு வந்துவிட்டால் சாலையின் தொல்லைகளும் வரும். பொம்பெயிக் கல்லறைச் சுவர்களில் பக்கத்து ஊரில் நடக்கும் வாள்வீரர் சண்டைக்கு விளம்பரம் எழுதியிருக்கிறார்கள். ரோமில் ஒரு கல்லறை சுவர் எழுதுபவனையே கெஞ்சுகிறது: ஐயா, இந்த நினைவிடத்தை விட்டுத் தாண்டிப் போ, இதன் மேல் எந்த வேட்பாளர் பெயர் எழுதப்படுகிறதோ அவன் தோற்கட்டும், எந்தப் பதவியும் கிடைக்காமல் போகட்டும். இன்னொன்று நேரடி: இங்கே சிறுநீரோ மலமோ கழிப்பவன் மேலுலகத் தெய்வங்களின் கோபத்துக்கும் கீழுலகத் தெய்வங்களின் கோபத்துக்கும் ஆளாகட்டும்.

வன்னியூரான்:

சிரித்துவிட்டேன். சரி, குடும்பம் எப்போதாவது வந்து பார்க்குமா, இல்லை கட்டிவிட்டு மறந்துவிடுவார்களா?

மதுரைக்காரி:

வருவார்கள். பிப்ரவரி 13 முதல் 21 வரை முன்னோர் நாட்கள். கோயில் கதவுகள் சாத்தியிருக்கும், கல்யாணம் கிடையாது. பெரிய படையல் வேண்டியதில்லை என்கிறார் கவிஞர் ஓவிட். ஓர் ஓட்டுத் துண்டில் மாலை, கொஞ்சம் தானியம், கொஞ்சம் உப்பு, மதுவில் நனைத்த ரொட்டி, சில வயலட் பூக்கள். அதைச் சாலை நடுவே வைத்தாலும் போதுமாம். பிறந்த நாளிலும், மே மாத ரோஜாப் பூக் காலத்திலும் வருவார்கள். உள்ளே இருப்பவருக்குக் குழாய் வழியாக ஊற்றிவிட்டு வெளியே திண்ணையில் சாய்ந்து சாப்பிடுவார்கள். வேல்ஸ் நாட்டில் காயர்லியன் படைமுகாம் பக்கம் கிடைத்த சாம்பல் பேழையில் ஈயக் குழாய் பொருத்தியபடியே இருந்தது.

சாலைப்புளி:

இவ்வளவு ஊறிய வழக்கம் எப்படி நின்றது?

கல்வெட்டுக் கிறுக்கன்:

ஒரே நாளில் நிற்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எரிப்பது குறைந்து புதைப்பது கூடியது. இடம் போதவில்லை. கிறிஸ்தவர்களும் யூதர்களும் அதே சாலைகளின் ஓரத்தில் பூமிக்குக் கீழே குடைந்தார்கள். ரோமின் சுரங்கக் கல்லறைகள் எல்லாம் மதிலுக்கு வெளியே இருப்பதற்குக் காரணம் அதே பழைய சட்டம்தான்.

நகரமும் வளர்ந்து கல்லறைகளை விழுங்கியது. 271க்குப் பிறகு அவுரேலியன் பேரரசர் மதில் எழுப்பியபோது செஸ்டியஸ் என்பவரின் பிரமிடு வடிவக் கல்லறை அப்படியே சுவரில் ஒரு பகுதியாகிவிட்டது. 36 மீட்டர் உயர வெள்ளைப் பளிங்கு, ஆயத்தச் சுவர் என்று எடுத்துக்கொண்டார்கள். உயிலில் சொன்னபடி அதை 330 நாளில் முடித்ததாக அதிலேயே வெட்டியிருக்கிறது. யூரிசாசெஸின் ரொட்டிக் கல்லறை பிற்காலக் கோபுரத்துக்குள் புதைந்து, 1838இல் அந்தக் கோபுரத்தை இடித்தபோதுதான் வெளியே வந்தது. வன்னியூரான் சொன்ன லண்டன் கல்லும் இதே கதை.

நகருக்குள் புதைப்பது என்று பார்த்தால் டிராஜன் பேரரசரின் சாம்பல் அவருடைய தூணின் அடியில் வைக்கப்பட்டது பெரிய விதிவிலக்கு. பொதுமக்கள் மீறியது நான்காம் நூற்றாண்டில். 381இல் பேரரசர் ஆணையே போட வேண்டிவந்தது: தரைக்கு மேல் வைத்திருக்கும் சாம்பல் ஜாடி, கற்பேழை எல்லாவற்றையும் நகருக்கு வெளியே கொண்டுபோ, அப்போஸ்தலர், தியாகிகள் கோயில் என்றாலும் விலக்கு இல்லை. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. புனிதர்களின் எலும்புக்குப் பக்கத்தில் கிடப்பதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. ஆறாம் நூற்றாண்டில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டபோது வெளியே போகவும் முடியவில்லை. உள்ளேயே புதைத்தார்கள். வழிப்போக்கன் படிக்க வேண்டும் என்ற ஆசை போய், புனிதர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை வந்தது.

இரவுப்பறவை:

அங்கேயும் காசுள்ளவன்தான் பலிபீடத்துக்குப் பக்கம்.

சாலைப்புளி:

எல்லோருக்கும் நன்றி. ரோம் போக ஒரு வாய்ப்பு அமையும் போலிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

மதுரைக்காரி:

அப்பியா சாலை என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், வாகனத் தொல்லை குறையும். மற்ற நாளில் மதிலை ஒட்டிய முதல் பகுதி ரொம்பக் குறுகல், நடைமேடை இல்லை, கார்கள் உரசிக்கொண்டு போகும். செசிலியா மெட்டெல்லா கட்டடத்தைத் தாண்டி நடந்தால் பழைய கருங்கல் பாவிய தரை வரும். அங்கிருந்துதான் நிம்மதி. தண்ணீர் கொண்டுபோங்கள், நிழல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

கல்வெட்டுக் கிறுக்கன்:

ரொட்டிக்காரரைப் பார்க்க போர்த்தா மஜோரே என்ற பழைய நகர வாசலுக்கு டிராம் போகிறது. நகருக்கு வெளியே பார்த்த பக்கம் போய் நில்லுங்கள், அங்கேதான் இருக்கிறார். கம்பி வேலிக்கு உள்ளே போக முடியாது, ஆனால் சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும். தம்பதியர் இருவரும் நிற்கும் சிற்பத்தை அங்கே தேட வேண்டாம், அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.